லண்டன் – சிட்னி விமானப் பயணம்: தூரமும் நேரமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் இருந்து சிட்னிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு விஷயங்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். தூரத்துக்கு ஒரே பதில்தான். நேரத்துக்கு அப்படி இல்லை. எந்த ஊரில் இறங்கி ஏறுகிறீர்கள், எந்த மாதத்தில் போகிறீர்கள், போகிறீர்களா திரும்புகிறீர்களா என்பதைப் பொறுத்து அது பல மணி நேரம் கூடும், குறையும். டிக்கெட் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியதை எல்லாம் இங்கே கேள்வி பதிலாகத் தருகிறேன்.

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே விமான தூரம் எவ்வளவு?

ஹீத்ரோ விமான நிலையத்தில் இருந்து சிட்னியின் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் விமான நிலையம் வரை ஏறத்தாழ 17,020 கிலோமீட்டர். மைலில் சொன்னால் சுமார் 10,570. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் ஏறக்குறைய 9,190. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது? வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் வேறு தூரம் வருகிறதே?

சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் தவறான விடைதான் வரும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துப் போடும்போது வடக்கும் தெற்கும் இழுபட்டுப் பெரிதாகிவிடும். தட்டை வரைபடத்தில் நேராகத் தெரியும் கோடு உண்மையில் மிகக் குறுகிய வழி அல்ல.

ஒரு பூகோள உருண்டையை எடுத்து, லண்டனையும் சிட்னியையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் எங்கே படிகிறதோ அதுதான் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு மேற்பரப்பில் வரையும் பெரிய வட்டத்தின் ஒரு துண்டு அது.

இந்த இரண்டு நகரங்களுக்கு நூல் படியும் இடம் பலருக்கும் வியப்பாக இருக்கும். சிட்னி தெற்கே இருக்கிறது. ஆனால் பாதை லண்டனில் இருந்து வடகிழக்காகக் கிளம்புகிறது! டென்மார்க்கும் ஜெர்மனியும் சேரும் பகுதியைத் தொட்டு, பால்டிக் கடலைத் தாண்டி, லாட்வியா வழியாக மாஸ்கோவுக்குச் சற்று வடக்கே ஏறிய பிறகுதான் தெற்கே வளையத் தொடங்குகிறது. அதன் பிறகு வட கஜகஸ்தான், மேற்குச் சீனா, செங்டு நகரத்தை ஒட்டிய பகுதி, தென் சீனக் கடல், பிலிப்பைன்ஸின் மேற்குத் தீவுகள், இந்தோனேசியா, ஆஸ்திரேலியாவின் வட பிரதேசம், கடைசியில் சிட்னி. இந்தியா இந்தக் கோட்டில் வரவே இல்லை.

கணக்காகச் செய்ய விரும்பினால் லண்டன் வடக்கு அட்சரேகை 51.5 டிகிரி, சிட்னி தெற்கு 33.9 டிகிரி, தீர்க்கரேகை இடைவெளி கிட்டத்தட்ட 151.6 டிகிரி. கோள முக்கோணவியல் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் அமைக்கும் கோணம் 153 டிகிரி என்று வரும். ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 17,000 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டி நிற்கும்.

ஒவ்வொரு இணையதளத்திலும் தூரம் கொஞ்சம் மாறுகிறதே, எது சரி?

பெரும்பாலும் எல்லாமே சரிதான். சிலர் நகரத்தின் மையத்தில் இருந்து அளக்கிறார்கள், சிலர் விமான நிலையத்தில் இருந்து. சிலர் பூமியை முழு உருண்டை என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் துருவங்களில் அது சற்றுத் தட்டையாக இருப்பதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இவற்றால் வரும் வித்தியாசம் சில பத்துக் கிலோமீட்டர்தான்.

விமானத்தின் திரையிலோ, பறப்பதைப் பின்தொடரும் செயலியிலோ காட்டும் எண் மட்டும் கணிசமாகக் கூடுதலாக இருக்கும். அது விமானம் உண்மையில் பறந்த தூரம். வான்வழித் தடங்கள், காற்று, புயல் மேகம், மூடிய வான்வெளி என்று பல காரணங்களால் எந்த விமானமும் பெருவட்டக் கோட்டில் அப்படியே பறப்பதில்லை.

லண்டனும் சிட்னியும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களா?

கிட்டத்தட்ட. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே அதிகபட்சத் தூரம் 20,000 கிலோமீட்டர் சொச்சம், அதாவது சுற்றளவில் பாதி. லண்டன்–சிட்னி அதற்கு 3,000 கிலோமீட்டர் குறைவு. லண்டனுக்கு நேர் எதிர்ப்புள்ளி நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே கடலில் இருக்கிறது.

சரி, மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம்?

ஓர் இடத்தில் மட்டும் நின்று போகும் நல்ல இணைப்பாக இருந்தால் 22 முதல் 25 மணி நேரம். இதில் விமானத்துக்குள் இருப்பது 21 அல்லது 22 மணி நேரம், மீதி இடைப்பட்ட விமான நிலையத்தில். இரண்டு இடங்களில் நின்றால் 27, 30, சில சமயம் 40 மணி நேரம் வரைகூடப் போகும். மலிவான டிக்கெட்டுகளில் கூடுதல் நேரம் பெரும்பாலும் பறப்பதில் கழிவதில்லை, காத்திருப்பதில்தான் கழிகிறது.

விமான நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருப்பது வாசலில் இருந்து விமானம் பின்னுக்கு நகர்ந்த நொடி முதல், சேரும் இடத்தில் வாசலில் நின்ற நொடி வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். ஆகவே 14 மணி நேரம் என்று போட்டிருந்தால் காற்றில் இருப்பது பதிமூன்றரை மணி நேரமாக இருக்கலாம்.

நானே தோராயமாகக் கணக்கிட வழி உண்டா?

உண்டு. நீண்ட தூர ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. ஏறுவது, இறங்குவது, வளைந்து போவது எல்லாவற்றையும் சேர்த்து 850 என்று வைத்துக்கொள்ளுங்கள். 17,020ஐ 850ஆல் வகுத்தால் 20 மணி நேரம். நிற்காமல் பறந்தால் ஆகும் நேரம் ஏறக்குறைய அதுதான். ஓர் இடத்தில் நிற்பதாக இருந்தால் அங்கே காத்திருக்கும் நேரத்தோடு, இரண்டாவது முறை ஏறி இறங்கவும் ஊர்ந்து போகவும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு ஊர்களுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். குறைந்த தூரத்துக்கு மட்டும் பொருந்தாது, ஏனென்றால் அங்கே ஏறி இறங்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

எந்த ஊர் வழியாகப் போனால் தூரம் குறைவு?

பலரும் இதில் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். எண்களைப் பாருங்கள், கவலை போய்விடும்.

ஹாங்காங் வழியாக: லண்டன்–ஹாங்காங் சுமார் 9,650, ஹாங்காங்–சிட்னி சுமார் 7,390. கூட்டினால் 17,040. நேர்த் தூரத்துக்கும் இதற்கும் இருபது முப்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம். காரணம், பெருவட்டப் பாதை ஹாங்காங்குக்குச் சற்று மேற்கேதான் போகிறது.

சிங்கப்பூர் வழியாக: 10,890 கூட்டல் 6,300, ஏறக்குறைய 17,190. இங்கும் சுற்று 200 கிலோமீட்டருக்குள்தான், விமானத்தில் அது கால் மணி நேரம்கூட இல்லை. துபாய் வழியாக 5,500 கூட்டல் 12,050, அதாவது சுமார் 17,550. பெர்த் வழியாக 14,500 கூட்டல் 3,280, ஏறக்குறைய 17,780. எந்த வழியிலும் கூடுதல் சுற்று ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அமெரிக்கா வழி மட்டும் வேறு. லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகப் போனால் 8,780 கூட்டல் 12,060, கிட்டத்தட்ட 20,840 கிலோமீட்டர் ஆகிவிடும். அங்கே வேலை இருந்தால் போகலாம். மற்றபடி நான்கைந்து மணி நேரம் வீண்.

ஆசியா, வளைகுடா வழிகளில் தூரத்தைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். பயணத்தை எங்கே பிளக்க வேண்டும் என்று பாருங்கள். துபாய் வழியில் முதல் பறப்பு 7 மணி நேரம், இரண்டாவது 14. சிங்கப்பூர் வழியில் முதலில் பதிமூன்றரை, பிறகு எட்டு. பெர்த் வழியில் முதல் பறப்பே கிட்டத்தட்ட 17 மணி நேரம், பிறகு நான்கு. முதலில் நீண்ட தூக்கம் போட்டுவிட விரும்புகிறவருக்குச் சிங்கப்பூர் நல்லது. நீண்ட நேரம் உட்கார முடியாதவருக்குப் பெர்த் வழி கஷ்டம். என்னைக் கேட்டால், இரவில் கிளம்பும் சிங்கப்பூர் வழிதான் உடம்புக்கு ஒத்துவருவது.

போகும்போது குறைவான நேரம், திரும்பும்போது அதிக நேரம். ஏன்?

காற்றுதான் காரணம். பூமியின் இரண்டு பாதிகளிலும், நடுத்தர அட்சரேகைகளில், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்றோட்டம் இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது இதுதான். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் 300ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. விமானங்கள் பறக்கும் உயரமும் அதேதான்.

லண்டனில் இருந்து சிட்னி கிழக்கே, ஆகவே காற்று முதுகில் தள்ளுகிறது. திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கிறது. மொத்தப் பயணத்தில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை வரும்.

இதைத் தெளிவாகப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கும் பெர்த்–சிட்னி தடம் போதும். தூரம் 3,280 கிலோமீட்டர், இரு திசையிலும் அதேதான். பெர்த்தில் இருந்து சிட்னிக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டி, சிட்னியில் இருந்து பெர்த்துக்கு ஐந்து. 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்குப் பின்னால் 100 கிலோமீட்டர் காற்று வீசினால் தரையைப் பொறுத்த வேகம் 1,000. அதே காற்று எதிரே வீசினால் 800. கிட்டத்தட்ட ஐம்பது நிமிட வித்தியாசம் வந்துவிடுகிறது.

லண்டனுக்கும் சிட்னிக்கும் நேர வித்தியாசம் எவ்வளவு? ஒருவர் 9 என்கிறார், இன்னொருவர் 11 என்கிறார்.

இருவரும் சொல்வது சரி. எந்த மாதம் என்பதுதான் கேள்வி.

இரண்டு ஊர்களும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கின்றன. ஆனால் லண்டனில் கோடை என்றால் சிட்னியில் குளிர்காலம். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு தள்ளிவைத்து அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி மாற்றுவார்கள். சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு தள்ளிவைத்து ஏப்ரல் முதல் ஞாயிறு மாற்றுவார்கள்.

இதனால் ஏப்ரல் முதல் ஞாயிறில் இருந்து அக்டோபர் முதல் ஞாயிறு வரை சிட்னி 9 மணி நேரம் முன்னால் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறில் இருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை 11 மணி நேரம். இடையில் விழும் நாட்களில், அதாவது மார்ச் கடைசியில் ஒரு வாரமும் அக்டோபரில் மூன்று அல்லது நான்கு வாரங்களும், 10 மணி நேரம். அந்த வாரங்களில் வீட்டுக்குப் போன் செய்கிறவர்களும், விமான நிலையத்துக்கு ஆளை அழைக்கப் போகிறவர்களும் குழம்பிப்போவது சகஜம். தேதியை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

டிக்கெட்டில் உள்ள நேரங்களை வைத்து உண்மையான பயண நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரம். ஒன்றில் இருந்து இன்னொன்றை அப்படியே கழித்தால் தவறாகிவிடும். இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிய பிறகுதான் கழிக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் லண்டனில் திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பி, சிட்னியில் புதன் காலை 6 மணிக்குச் சேருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க 32 மணி நேரம் போலத் தெரியும். சிட்னியின் புதன் காலை 6 மணி லண்டனில் செவ்வாய் இரவு 9 மணி. ஆக, பயணம் 23 மணி நேரம்தான்.

திரும்பும்போது இது தலைகீழ். சிட்னியில் செவ்வாய் மாலை 4 மணிக்குக் கிளம்பி, லண்டனில் புதன் காலை 7 மணிக்கு இறங்குகிறீர்கள். பார்வைக்கு 15 மணி நேரம். லண்டனின் காலை 7 சிட்னியில் மாலை 4. ஆகவே முழுசாக 24 மணி நேரம் கழிந்திருக்கிறது. விடுப்புக் கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: போகும்போது நாள்காட்டியில் இரண்டு நாள் நகரும், வரும்போது ஒரு நாள்.

வழியில் தேதிக் கோட்டைத் தாண்டுகிறோமா?

ஆசியா வழியாகவோ வளைகுடா வழியாகவோ போனால் இல்லை. அது பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் மட்டுமே அதைத் தாண்டுவார்கள்.

லண்டனில் இருந்து சிட்னிக்கு நிற்காமல் பறக்க முடியாதா?

முடியும், பறந்தும் இருக்கிறார்கள். ஆனால் டிக்கெட் வாங்கிய பயணிகளோடு அல்ல.

1989 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் புத்தம் புதிய போயிங் 747-400 விமானம் ஒன்றை லண்டனில் இருந்து சிட்னிக்கு நேராகக் கொண்டுபோனது. 20 மணி 9 நிமிடம் ஆனது. டிக்கெட் வாங்கிய பயணிகளும் சரக்கும் இல்லாமல், சாதாரணத்தைவிட அடர்த்தியான எரிபொருளைத் தனியாகத் தயாரித்து நிரப்பி, எரிபொருள் மிச்சமாகட்டும் என்று விமானத்தை ஓடுபாதை வரை இழுத்துக்கொண்டே போனார்கள். அவ்வளவு பாடுபட்டுத்தான் அது சிட்னி வந்து சேர்ந்தது.

முப்பது ஆண்டு கழித்து, 2019 நவம்பரில், அதே நிறுவனம் போயிங் 787-9 ஒன்றில் ஐம்பது பேர் அளவுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டு பறந்து பார்த்தது. 19 மணி 19 நிமிடம். பறந்த தூரம் சுமார் 17,800 கிலோமீட்டர். அவ்வளவு நீண்ட பறப்பில் பயணிகளின், விமானிகளின் உடல் எப்படி இருக்கிறது என்று ஆராய்வதுதான் அதன் நோக்கம்.

அதன் தொடர்ச்சியாக 2022இல் ஏர்பஸ் ஏ350-1000 வகை விமானங்கள் பன்னிரண்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டி பொருத்தி, இருக்கைகளை 238ஆகக் குறைத்து, 22 மணி நேரம் வரை பறக்கும்படி அமைக்கிறார்கள். ஓர் இடத்தில் நின்று போவதைவிட நான்கு மணி நேரம் வரை மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. இது நடைமுறைக்கு வந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள பல பதில்களை மாற்றி எழுத வேண்டியிருக்கும்!

ஒப்பிட்டுப் பார்க்க: சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானம் 15,349 கிலோமீட்டர் தூரத்தைப் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் பறந்து கடக்கிறது. லண்டன்–சிட்னி அதைவிட 1,670 கிலோமீட்டர் அதிகம்.

எரிபொருளைக் கூடுதலாக நிரப்பிவிட்டால் போதாதா? அதில் என்ன சிரமம்?

எரிபொருளுக்கும் எடை இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு பறக்கவே எரிபொருள் செலவாகிறது. கடைசி இரண்டு மணி நேரத்துக்குத் தேவையான எரிபொருளை முதல் பதினெட்டு மணி நேரமும் சும்மா சுமந்துகொண்டிருக்க வேண்டும். தூரம் கூடக்கூட, சேர்க்கும் ஒவ்வொரு டன்னும் தரும் பலன் குறைந்துகொண்டே போகும். எடைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. எனவே எரிபொருள் ஏறினால் ஆட்களும் சரக்கும் இறங்கியாக வேண்டும். குறைந்த பயணிகளிடம் அதிகக் கட்டணம் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். இறங்கி எரிபொருள் நிரப்பிப் போவது நேரத்தில் நஷ்டம் என்றாலும் பல சமயம் செலவில் லாபம்.

முன்பெல்லாம் இந்தப் பயணத்துக்கு எவ்வளவு நாள் ஆனது?

1919இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு விக்கர்ஸ் விமி விமானத்தில் இங்கிலாந்தில் இருந்து நவம்பர் 12 கிளம்பி, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். 28 நாட்கள். ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்த 10,000 பவுண்டு பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. காற்றில் இருந்தது ஏறக்குறைய 136 மணி நேரம் மட்டுமே.

1935இல் பிரிஸ்பேனுக்கும் லண்டனுக்கும் இடையே பயணிகள் சேவை வந்தது. பன்னிரண்டரை நாள் ஆகும். நடுவில் ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலில் கடக்க வேண்டியிருந்தது.

சிட்னி–லண்டன் முழு வழிக்கும் ஒரே நிறுவனத்தின் சேவை 1947 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம், 29 பயணிகள், 11 ஊழியர்கள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, ட்ரிப்போலி என்று ஆறு இடங்களில் இறங்கி நான்கு நாளில் லண்டன் சேர்ந்தது. கங்காரு தடம் என்று இதற்குப் பெயர் வந்தது, இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதற்கும் முன்னால், போர்க்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் போனதும் இந்த வழி அறுந்துவிட்டது. 1943 முதல் 1945 வரை இலங்கையின் கொக்கல ஏரிக்கும் பெர்த்துக்கும் இடையே காடலினா பறக்கும் படகுகள், அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்கள், ரகசியமாகப் பறந்தன. அதிகபட்சம் மூன்று பயணிகள். ரேடியோவில் பேசுவதைத் தவிர்த்தார்கள், நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டார்கள். ஒரு பறப்பு 30 மணி நேரத்தை ஒட்டி, சில 32 மணி நேரத்தையும் தாண்டின. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் இரட்டைச் சூரியோதயப் பறப்புகள் என்று பெயர். குவாண்டாஸ் தனது நிற்காத பறப்புத் திட்டத்துக்குச் சூரியோதயம் என்று பெயர் வைத்தது இதை நினைவில் கொண்டுதான்.

போர், வான்வெளி மூடல் போன்றவை பயண நேரத்தை மாற்றுமா?

கட்டாயம் மாற்றும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய, பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடப்பட்டது. மேலே சொன்ன பெருவட்டப் பாதை ரஷ்யாவுக்கு மேலேதான் போகிறது. ஆகவே லண்டனில் இருந்து ஹாங்காங் போன்ற ஊர்களுக்குப் போகும் பிரிட்டிஷ் விமானங்கள் தெற்கே சுற்றிக்கொண்டு போகின்றன. காகிதத்தில் மிகக் குறுகிய வழியாக இருக்கும் ஹாங்காங் வழி, நடைமுறையில் அவ்வளவு குறுகியதாக இல்லாமல் போனது இப்படித்தான்.

2024 ஏப்ரலில் மத்திய கிழக்கில் பதற்றம் வந்தபோது, பெர்த்தில் இருந்து லண்டனுக்கு நேராகப் பறக்கும் விமானம் ஈரானைத் தவிர்ப்பதற்காகச் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று. அதே நாட்களில் லண்டனில் இருந்து பெர்த்துக்கு வரும் விமானம் மட்டும் நிற்காமலே வந்துகொண்டிருந்தது. முதுகில் காற்று இருந்ததால் சுற்றுப்பாதையிலும் எரிபொருள் போதுமானதாக இருந்தது.

விமானம் மாறும் ஊரில் இடையில் எவ்வளவு நேரம் இருந்தால் நல்லது?

இரண்டரை முதல் நான்கு மணி நேரம். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவான இணைப்பை, விமான நிறுவனமே விற்றாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் ஓட்டமும் நடையும்தான். நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் களைப்புதான் மிஞ்சும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அங்கேயே அறை எடுத்துத் தூங்கிவிடுவது உத்தமம்.

இன்னொன்று. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கும்படி வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் மலிவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பண நஷ்டமும் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. பெட்டியையும் நடுவில் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்காகவே அந்த நாட்டு விசா தேவைப்படலாம்.

சிட்னி விமானங்கள் ஏன் அதிகாலையில் வந்து குவிகின்றன?

சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு மாதிரி ஒரு கட்டுப்பாடு சட்டப்படி இருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, ஜெட் விமானங்கள் அந்த நேரத்தில் இறங்கவோ கிளம்பவோ கூடாது. அதனால் ஆறு மணியை ஒட்டி வரிசையாக வருகின்றன. குடிவரவு வரிசை அப்போது நீளமாக இருக்கும். அழைக்க வருகிறவர்களிடம் ஏழரைக்கு வரச் சொல்லுங்கள்.

சேர்ந்த பிறகு உடம்பு சரியாக எத்தனை நாள் ஆகும்?

உடலின் உள்கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். 9 முதல் 11 மணி நேர வித்தியாசம் என்றால் ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகலாம், ஆனால் மோசமான கட்டம் முதல் மூன்று நான்கு நாள்தான். கிழக்கு நோக்கிப் போவது பெரும்பாலோருக்கு மேற்கு நோக்கி வருவதைவிடக் கடினம், ஏனென்றால் கடிகாரத்தை முன்னே இழுப்பதைவிடப் பின்னே தள்ளுவது உடலுக்கு எளிது.

காலையில் சிட்னியில் இறங்கியதும் படுக்கையைத் தேடாதீர்கள். வெளியே வெளிச்சத்தில் நடங்கள், உள்ளூர் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இரவு எட்டு ஒன்பது வரை தாக்குப்பிடியுங்கள். தாங்கவே முடியாவிட்டால் அரை மணி நேரம் மட்டும் கண்ணயரலாம்.

வயதானவர்களோ சிறு குழந்தைகளோ போவதாக இருந்தால்?

பயணத்தை இரண்டாக உடைத்து, இடையில் ஓர் இரவு தங்கிப் போங்கள். பல நிறுவனங்கள் ஒரே டிக்கெட்டில் இதற்கு அனுமதிக்கின்றன, கட்டணம் பெரிதாகக் கூடாத சமயங்களும் உண்டு.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காருவது காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது. போவது விமானத்திலா பேருந்திலா என்பதல்ல, அசையாமல் இருப்பதுதான் பிரச்சினை. மணிக்கொரு முறை எழுந்து நடக்கட்டும், கணுக்காலைச் சுழற்றட்டும், தண்ணீர் குடிக்கட்டும். முன்பே இப்படி உறைவு வந்தவர்கள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டிக்கெட் வாங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். சக்கர நாற்காலி உதவி வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், இடையில் மாறும் விமான நிலையத்துக்கும் சேர்த்து. அங்கேதான் நடை அதிகம்.